ஆராய்ச்சி மணியும் அடாத கையும்

மனுநீதிச் சோழனின் அரண்மனை வாயிலில் தொங்கிய ஆராய்ச்சி மணியின் கதையைக் கேளாது வளர்ந்த தமிழ்ப் பிள்ளை இல்லை எனலாம். கன்றை இழந்த பசு அம்மணியை அசைத்தது. மன்னன் எழுந்து வந்தான். குற்றவாளி தன் மகன் என்றும் பாராது நீதி செய்தான். வாயில்லா உயிருக்கும் அடையாத வாயில் அது என்று நாம் பெருமை கொள்கின்றோம். அப்பெருமை தக்கதே.

ஆயினும், அக்கதையைக் கேட்கும் பிள்ளைகள் எவரும் கேளாத கேள்வி ஒன்று உண்டு. நியாயம் வேண்டியன்றி, அயல்வீட்டாரை உறங்கவிடாது செய்யும் நோக்கத்துடனேயே ஒருவன் அம்மணிக் கயிற்றை இரவு பகலாக இழுத்துக்கொண்டிருந்தால் மன்னன் என் செய்வான்? கயிற்றை அறுத்துவிட்டால் நாளை வரும் பசுவுக்கு வழியில்லை. அறுக்காது விட்டாலோ, நீதிக்காகத் தூக்கிய மணியே அநீதிக்குக் கருவியாகிவிடும்.

இக்கேள்வி வெறும் கற்பனை அன்று. கணவனின் கொடுமைக்கு அஞ்சி வீட்டைவிட்டு வெளியேறிய பெண்கள்மீது அதே கணவன்மார் அடுக்கடுக்காக வழக்குத் தொடுத்து, அடியினால் செய்ததை அழைப்பாணையினால் செய்யும் வழக்கம் இன்று உலகெங்கும் பேசப்படுகின்றது. சில நாடுகள் அதற்கெனத் தனிச் சட்டமே செய்துள்ளன. இது நமது தீவகத்து வீடுகளுக்கும் அயலான செய்தி அன்று என்பதனால், இவ்வாரம் இதனைச் சற்று விரிவாக ஆராய விரும்புகின்றோம்.

படலையைத் தாண்டி வரும் கடிதங்கள்

புளியங்கூடலில் ஒரு பெண்ணை எண்ணிப் பார்ப்போம். இவள் எவரையும் சுட்டாத கற்பனைப் பெண். ஏழாண்டு மணவாழ்வில் கணவனின் கையால் அடியும், வாயால் வசையும் தாங்கியவள். ஒருநாள் இரு பிள்ளைகளையும் கையிற் பிடித்துக்கொண்டு தாய்வீட்டுக்கு வந்துவிட்டாள். ஊர்காவற்றுறை நீதவான் நீதிமன்றில் மனுச் செய்து பாதுகாப்புக் கட்டளையும் பெற்றாள். இனி அவன் அவ்வீட்டுப் படலையைத் தாண்டக் கூடாது. வீதியில் அவளைத் தொடரக் கூடாது. பேச முயலவும் கூடாது. தாய் நேர்த்திக்கடனாகப் பொங்கலிட்டாள். துன்பம் தீர்ந்தது என்று அவ்வீடு நம்பியது.

ஒரு மாதம் கழியுமுன் பதிவுத் தபாலில் முதற் கடிதம் வந்தது. பிள்ளைகளைத் தன்னிடம் ஒப்படைக்க வேண்டுமென யாழ்ப்பாணத்து மாவட்ட நீதிமன்றில் அவன் வழக்குத் தொடுத்திருந்தான். அடுத்து, அவள் கழுத்திலும் கையிலும் இருந்த சொந்த நகைகளையே திருடிச் சென்றாள் என்று பொலிஸ் நிலையத்தில் ஒரு முறைப்பாடு. அதன்பின், தன்னைக் காரணமின்றிக் கைவிட்டுச் சென்றாள் எனக் கொழும்பில் ஒரு விவாகரத்து வழக்கு. சீதனமாக வந்த காணியில் கிணறு வெட்டிய செலவு தன்னுடையது என்று இன்னொன்று. அவளுக்காகச் சாட்சி சொன்ன தமையனுக்கு, மானநட்டம் கோரிச் சட்டத்தரணி மூலம் ஒரு கோரிக்கைக் கடிதம். அவன் படலையைத் தாண்டவில்லை. அவனுடைய கடிதங்கள் தாண்டின.

இவ்வழக்குகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்பவர்க்கு எதிலும் பெரும் அநியாயம் தோன்றாது. தந்தை பிள்ளையைக் கேட்கலாம். கணவன் விவாகரத்துக் கோரலாம். செலவழித்தவன் செலவைக் கேட்கலாம். ஒவ்வொரு கோவையும் ஒவ்வொரு நீதிபதியின் மேசையில் கிடக்கின்றது. ஒரு நீதிபதியும் மற்றைய கோவைகளைக் காண்பதில்லை. எல்லாவற்றையும் ஒருங்கே காண்பவள் அவள் ஒருத்தியே. தையல் வேலைக்குச் செல்லும் அவள் தவணை தோறும் ஒருநாட் கூலியை இழக்கின்றாள். விடியுமுன் எழுந்து பண்ணைப் பாலம் கடந்து யாழ்ப்பாணம் செல்கின்றாள். கொழும்புத் தவணையென்றால் இரவு முழுதும் பயணம். அங்கே, எவன் முகத்தைக் காணாதிருக்க நீதிமன்றம் கட்டளை தந்ததோ, அவன் முகத்தையே நீதிமன்ற விறாந்தையில் காண்கின்றாள்.

அயலார் என்ன சொல்வர்? “இத்தனை வழக்கு நடக்குதென்றால் இவளிலும் ஏதோ பிழை இருக்கத்தானே வேணும்” என்பர். பெற்ற தாயும் ஒருநாள் சோர்ந்துபோய், “பிள்ளை, போதும் மோனை, அவர் கேட்கிறதைக் குடுத்திட்டு நிம்மதியாய் இரு” என்பாள். அவன் காத்திருந்தது அச்சொல்லுக்காகவே. வழக்கில் வெல்வது அவன் நோக்கமன்று. அவள் களைத்துப்போய்ப் பாதுகாப்புக் கட்டளையைக் கைவிடுவதும், அல்லது அஞ்சித் திரும்பி வருவதுமே அவன் வேண்டும் வெற்றி.

வழக்காளியும் வஞ்சகனும்

யாழ்ப்பாணத்தார் வழக்குக்கு அஞ்சாதவர் என்பது பழைய பேச்சு. வேலி ஒரு சாண் நகர்ந்தாலும், எல்லைப் பனையின் நுங்கை மற்றவர் வெட்டினாலும், கிணற்றுப் பங்கிலும் வாய்க்காற் பாதையிலும் தகராறு எழுந்தாலும் பிறக்கிராசியாரின் வாயிலுக்கு நடந்த தலைமுறை ஒன்று இங்கே வாழ்ந்தது. வழக்கேறினால் வென்றவன் தோற்றான், தோற்றவன் செத்தான் என்று அத்தலைமுறையினரே நொந்து கூறினர். ஆயினும் அவர்களின் வழக்குக்கு ஒரு முடிவு இருந்தது. வேலி நேரானால் வழக்குத் தீர்ந்தது. பனை யாருடையது என்று உறுதி காட்டினால் வாய் மூடியது.

நாம் இங்கே பேசுவது வேறோர் இனம். வழக்காளி தீர்ப்பை விரும்புவான். இவனோ தீர்ப்பைத் தள்ளிப்போட விரும்புவான். வழக்காளி தோற்றால் மேன்முறையீடு செய்து ஓய்வான்; இவன் தோற்ற வழக்கையே வேறு பெயரில், வேறு நீதிமன்றில் மீண்டும் தொடுப்பான். வழக்காளிக்குத் தவணை ஒரு தொல்லை. இவனுக்கோ தவணையே பயன், ஏனெனில் அன்று அவளைக் காணலாம், அவள் நடுங்குவதைப் பார்க்கலாம். இந்த வேறுபாட்டை அறிந்துகொண்டால் இப்பொருளின் பாதி விளங்கிவிடும். ஒரு வழக்கைத் தனியே நோக்கி இதனைக் கண்டுபிடித்தல் அரிது. வழக்குகளின் வரிசையை நோக்கினால் ஒளிக்க முடியாது.

பம்பாயில் ஒரு பெண்

பெண்ணைக் கையால் இழுக்க இயலாதபோது சட்டத்தால் இழுக்கும் வழக்கம் புதிதன்று. பம்பாயில் 1864 ஆம் ஆண்டு பிறந்த ருக்மாபாய் என்னும் பெண்ணுக்குப் 11 வயதில் தாதாஜி பிக்காஜி என்பவருடன் மணம் முடிந்தது. அவர் கணவன் வீட்டுக்குச் செல்லாது, தாயுடனும், மருத்துவரான சிறிய தந்தையுடனும் வாழ்ந்து கல்வி கற்றார். வயது வந்தபின் அம்மணத்தை ஏற்க மறுத்தார். 1884 ஆம் ஆண்டில் கணவர், மனைவி தம்முடன் வந்து வாழக் கட்டளையிட வேண்டுமெனப் பம்பாய் உயர் நீதிமன்றில் வழக்குத் தொடுத்தார்.

1885 ஆம் ஆண்டில் நீதிபதி பின்கி அவ்வழக்கைத் தள்ளினார். விருப்பமற்ற ஒரு பெண்ணை உடன்வாழுமாறு வற்புறுத்துவது அவருக்குக் கொடுமையாகத் தோன்றிற்று. மேன்முறையீட்டில் அத்தீர்ப்பு மாறியது. 1887 ஆம் ஆண்டு மார்ச் மாதம் நீதிபதி பாரன், ஒரு மாதத்துள் கணவரிடம் செல்ல வேண்டும், தவறினால் ஆறுமாதச் சிறை என்று தீர்ப்பளித்தார். ருக்மாபாய் சிறையையே ஏற்பதாகக் கூறினார். இந்தியா முழுவதும், இங்கிலாந்திலும் அது பெரும் விவாதமாயிற்று. ஈற்றில் 1888 ஆம் ஆண்டில் 2000 ரூபா பெற்றுக்கொண்டு கணவர் தம் உரிமையைக் கைவிட்டார். ருக்மாபாய் இலண்டன் சென்று மருத்துவம் பயின்று, 1894 ஆம் ஆண்டில் தேர்ச்சி பெற்று, தாயகம் திரும்பி நெடுங்காலம் மருத்துவப் பணி செய்தார்.

நான்காண்டு காலம் ஓர் இளம்பெண்ணின் வாழ்வு வழக்கேட்டில் கட்டுண்டு கிடந்தது. அவருக்குக் கல்வி இருந்தது. துணை நிற்கக் குடும்பம் இருந்தது. எழுதிப் பரப்ப ஏடுகள் இருந்தன. அவை ஒன்றும் இல்லாத பெண்கள் எத்தனை பேர் இரண்டாம் தவணையிலேயே தலைகுனிந்து திரும்பிச் சென்றிருப்பர் என்பதை எந்த வழக்கேடும் சொல்லாது.

நம் சட்டத்தில் உள்ளதும் இல்லாததும்

இலங்கையில் புள்ளிவிபரத் திணைக்களம் 2019 ஆம் ஆண்டில் நடத்திய பெண்கள் நல்வாழ்வு ஆய்வு, மணமான அல்லது துணையுடன் வாழ்ந்த பெண்களில் ஐவருக்கு ஒருவர் தம் வாழ்நாளில் துணைவரின் உடல் அல்லது பாலியல் வன்முறைக்கு ஆளானவர் என்று காட்டிற்று. நமது வீதியில் பத்து வீடுகள் இருந்தால் அவற்றுள் இரண்டினை எண்ணிக்கொள்ள வேண்டிய கணக்கு இது.

இவர்களுக்கென வந்ததே 2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம். அதன் சிறப்புகளை ஒவ்வொரு குடும்பமும் அறிந்திருத்தல் நன்று. துன்புற்றவர் தாமே மனுச் செய்யலாம். அவர் சார்பில் பொலிஸ் உத்தியோகத்தரும் செய்யலாம். துன்பம் நேர்ந்த ஊர் நீதிமன்றுக்கே போக வேண்டும் என்பதில்லை. துன்புற்றவர் தற்காலிகமாகத் தங்கியிருக்கும் ஊரின் நீதவான் நீதிமன்றிலும் மனுச் செய்யலாம். கொழும்பிலே கொடுமைப்பட்டுப் புளியங்கூடலுக்கு ஓடிவந்த பெண் ஊர்காவற்றுறையிலேயே நீதி கேட்கலாம் என்பது இதன் பொருள். நிலைமை அவசரமாயின் நீதவான் உடனே இடைக்காலக் கட்டளை வழங்கலாம். 14 நாட்களுள் விசாரணை வைக்க வேண்டும். பாதுகாப்புக் கட்டளை 12 மாதங்கள் வரை நிற்கும். கட்டளையை மீறுவது குற்றம். ஓராண்டு வரை சிறையும் 10,000 ரூபா வரை தண்டமும் விதிக்கலாம். மனைவியை நடுத்தெருவில் நிறுத்தும் வகையில் குடும்ப வீட்டை விற்கவோ ஈடுவைக்கவோ கூடாதெனவும் நீதவான் தடுக்கலாம்.

இச்சட்டம் அடியை மட்டும் வன்முறை என்று கொள்ளவில்லை. பாரதூரமான வகையில் தொடர்ந்து இழிவுபடுத்தும், கொடுமை செய்யும் நடத்தையையும் மனவழித் துன்புறுத்தல் என்று சேர்த்துக்கொண்டது. ஒரு செயலை அன்றி, தொடர்ச்சியைப் பார்க்க வேண்டும் என்னும் எண்ணம் அதிலேயே உண்டு. ஆயினும், நீதிமன்றத்தையே கருவியாகக் கொண்டு நடத்தப்படும் தொடர் துன்புறுத்தலைப் பெயர் சொல்லித் தடுக்கும் விதி எதுவும் அதில் எழுதப்படவில்லை. வீண் வழக்குக்குச் செலவுத் தொகை விதித்தல், தீங்கு செய்யும் எண்ணத்துடன் கொடுக்கப்பட்ட பொய்க் குற்றச்சாட்டுக்குத் தண்டித்தல் என்பன பொதுச் சட்டத்தில் உண்டு. அவை ஒவ்வொரு வழக்கும் முடிந்த பின்னரே உதவும். வழக்கு முடிவதற்குள் பெண்ணின் பொருளும் மனமும் முடிந்துவிடுகின்றன.

விவாகரத்து வழக்கில் மற்றொரு நுட்பம் உண்டு. நமது நாட்டுச் சட்டம் நெடுங்காலமாக, துணையைத் தீயெண்ணத்துடன் கைவிட்டுச் செல்லுதலை விவாகரத்துக்குரிய காரணங்களுள் ஒன்றாகக் கொண்டு வந்துள்ளது. அடிக்கு அஞ்சி ஓடியவளைப் பார்த்துக் ‘கைவிட்டுச் சென்றாள்’ என்று வழக்கிடும் துணிவு இதிலிருந்தே பிறக்கின்றது. ஆனால் நீதிமன்றங்கள் இதற்கும் விடை கண்டுள்ளன. வீட்டை விட்டுக் காலடி எடுத்து வைத்தவர் யார் என்பது மட்டும் கேள்வி அன்று. வெளியேற வைத்தவர் யார் என்பதே கேள்வி. தன் நடத்தையால் மனைவியைத் துரத்தியவனே கைவிட்டவன் எனத் தீர்ப்பளிக்க இடமுண்டு. இதனை அறியாத பெண், வீட்டை விட்டு வந்தது தன் குற்றமென எண்ணி வழக்கை எதிர்க்காமலே விட்டுவிடுகின்றாள். அறியாமை அவ்வாறு எதிரிக்குத் துணையாகின்றது.

நம் தேசவழமையிலும் ஓர் இடறுகல் உண்டு. ஒல்லாந்தர் காலத்தில் 1707 ஆம் ஆண்டில் தொகுக்கப்பெற்ற இவ்வழமை, சீதனத்தைப் பெண்ணின் உடைமையாகவே மதித்தது. எனினும் 1911 ஆம் ஆண்டின் யாழ்ப்பாண விவாக உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டம், மணமான பெண் தன் அசையாச் சொத்தைக் கைமாற்றக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என்று விதித்தது. வழக்குச் செலவுக்குத் தன் சீதனக் காணியில் ஒரு பரப்பை விற்க நினைப்பவள், தன்மீது வழக்குத் தொடுத்தவனிடமே கையொப்பம் கேட்டு நிற்கும் நிலை இதனால் நேர்ந்தது. அதே சட்டம் ஒரு வழியையும் திறந்து வைத்தது. கணவன் அவளைக் கைவிட்டிருந்தால், அல்லது நியாயமின்றிச் சம்மதம் மறுத்தால், மாவட்ட நீதிமன்றம் அச்சம்மதத்துக்கு ஈடாக அனுமதி தரலாம். இவ்வழியை அறிந்த குடும்பங்கள் மிகச் சிலவே.

கயிற்றை அறுக்காமல்

வீண் வழக்காளியைத் தடுக்கும் எண்ணம் பழையது. இங்கிலாந்தில் 1896 ஆம் ஆண்டிலேயே இதற்கொரு சட்டம் வந்தது. சென்னை மாகாணமும் 1949 ஆம் ஆண்டில் தனக்கென ஒரு சட்டம் செய்துகொண்டது. காரணமின்றி வழக்கிடுவதையே பழக்கமாகக் கொண்டவர் என ஒருவரை உயர் நீதிமன்றம் அறிவித்தால், அதன்பின் அவர் நீதிபதியின் முன்னனுமதி இன்றி வழக்குத் தொடுக்க முடியாது. கயிறு அறுக்கப்படவில்லை, கயிற்றருகே ஒரு காவலன் நிறுத்தப்பட்டான்.

ஆனால் அச்சட்டம் நாம் பேசும் பெண்ணுக்குப் போதவில்லை. அரசின் தலைமை வழக்கறிஞரே உயர் நீதிமன்றை நாட வேண்டும். அவர் வாயில் ஏழைப் பெண்ணுக்கு எட்டுவது அரிது. ஊரையும் அரசையும் எதிர்த்துக் கணக்கற்ற வழக்கிடுவோரை நினைத்து எழுதப்பட்டது அது. ஒரே பெண்ணை மட்டும் ஐந்தாறு வழக்குகளால் வளைப்பவன் அதன் கண்ணிற் படுவதில்லை.

இக்குறையை உணர்ந்து அமெரிக்காவின் டென்னசி மாநிலம் 2018 ஆம் ஆண்டில் தனிச் சட்டம் செய்தது. நீதிமன்ற வழியாகப் பெண்ணைப் பின்தொடர்தல் என்றே அங்கு இக்குற்றம் பேசப்பட்டது. வாஷிங்டன் மாநிலத்தின் சட்டம் 2021 ஆம் ஆண்டு ஜனவரி முதலாந் திகதி நடைமுறைக்கு வந்தது. அதன் அமைப்பு நம் கவனத்துக்குரியது. முதலாவதாக, இருவரும் துணைவராக இருந்தவர் ஆதல் வேண்டும். இரண்டாவதாக, வழக்கிடுபவர் மற்றவர்மீது வன்முறை செய்தவர் என்று ஒரு நீதிமன்றம் ஏற்கெனவே கண்டிருத்தல் வேண்டும். மூன்றாவதாக, துன்புறுத்துதல், அச்சுறுத்துதல், தொடர்பை விடாது பற்றியிருத்தல் என்பனவே அவ்வழக்கின் முதன்மை நோக்கமாதல் வேண்டும். அத்துடன், சட்ட ஆதாரமோ செய்தி ஆதாரமோ இல்லாமை, முன்னரே தீர்க்கப்பட்ட விடயத்தை மீண்டும் கிளறுதல் போன்ற அடையாளங்களுள் ஒன்றேனும் காணப்பட வேண்டும். இவை யாவும் நிறுவப்பட்டால், நான்கு ஆண்டுக்குக் குறையாமலும் ஆறு ஆண்டுக்கு மேற்படாமலும் அவர் நீதிபதியின் அனுமதி பெற்றே அப்பெண்மீது வழக்கிட முடியும். அவளுக்கு நேர்ந்த செலவையும் அவரே தர வேண்டும்.

இங்கிலாந்தில், பிள்ளைகள் பற்றிய மனுக்களை நீதிமன்ற அனுமதியின்றித் தொடுக்கலாகாது எனத் தடுக்கும் அதிகாரம் 1989 ஆம் ஆண்டுச் சிறுவர் சட்டத்திலேயே இருந்தது. நீதிபதிகள் அதனை அரிதாகவே எடுத்தாண்டனர். 2021 ஆம் ஆண்டின் வீட்டு வன்முறைச் சட்டம், மேலும் ஒரு மனு பிள்ளைக்கோ மற்றவர்க்கோ தீங்கு பயக்குமாயின் அவ்வதிகாரத்தைப் பயன்படுத்தலாம் எனத் தெளிவாக்கிற்று. அவுஸ்திரேலியா 2024 ஆம் ஆண்டு மே மாதம் முதல் இன்னும் ஒருபடி சென்றது. தடுக்கப்பட்டவர் அனுமதி கேட்டு மனுச் செய்யும்போது அம்மனு அவளுக்குச் சேர்ப்பிக்கப்படுவதில்லை; அது தள்ளப்பட்டால் அச்செய்தியைத் தனக்கு அறிவிக்க வேண்டுமா என்பதில் அவள் விருப்பமும் கேட்கப்படுகின்றது. கடிதம் வரும் ஒலியே ஒரு பெண்ணுக்கு அடியாகலாம் என்று ஒரு சட்டம் உணர்ந்தமை நமக்கு வியப்பும் ஆறுதலும் தருகின்றது.

தூரமும் ஒரு தண்டனையே என்பதை இந்திய உச்ச நீதிமன்றமும் உணர்ந்தது. கணவன் வீட்டிலிருந்து துரத்தப்பட்ட பெண், தான் அடைக்கலம் புகுந்த ஊரிலேயே கொடுமைக்கான முறைப்பாட்டைச் செய்யலாம் என 2019 ஆம் ஆண்டில் அது தீர்ப்பளித்தது. கனடாவின் விவாகரத்துச் சட்டம் 2021 ஆம் ஆண்டு மார்ச் முதல், அடக்கியாளும் தொடர் நடத்தையையும் குடும்ப வன்முறை என்று வரையறுத்துள்ளது. தீவகத்துப் பெண்கள் பலர் இலண்டனுக்கும் ரொறன்ரோவுக்கும் சிட்னிக்கும் மணமாகிச் சென்று வாழ்கின்றனர். அந்நாட்டுச் சட்டம் அவர்களுக்கும் உரியது. தொலைபேசியில் மகளின் குரல் தாழ்ந்திருப்பதைக் கேட்கும் தாய்மார் இவற்றை அவளுக்கு எடுத்துச் சொல்லலாம்.

மறுப்போர்க்கு ஒரு சொல்

“குற்றஞ் சாட்டப்பட்ட ஆண்மகன் நீதிமன்றை நாடக் கூடாதா? பொய்க் குற்றம் சுமத்தும் பெண்கள் இல்லையா?” என்று கேட்போர் உண்டு. கேள்வி நியாயமானதே. நீதியின் வாயிலை அடைப்பது எளிது. அடைத்ததைத் திறப்பது அரிது. பிள்ளைமீது உண்மை அன்பு கொண்ட தந்தைக்கு அப்பிள்ளையைக் காண வழி வேண்டும். சந்தேகத்தின்மீது மட்டும் எவரையும் தடுத்தல் தகாது.

ஆதலாலேயே மேற்சொன்ன சட்டங்கள் ஒரு முறைப்பாட்டை மட்டும் நம்பி எவரையும் தடுப்பதில்லை. வாஷிங்டனில் வன்முறை முன்னரே நீதிமன்றில் காணப்பட்டிருக்க வேண்டும். வழக்கின் நோக்கம் தனியே ஆராயப்பட வேண்டும். தடைக்குக் கால எல்லை உண்டு. அக்காலத்துள்ளும் உண்மையான குறை உள்ளவன் நீதிபதியிடம் அதைக் காட்டி அனுமதி பெறலாம். அவன் இழப்பது வழக்கிடும் உரிமையை அன்று, காரணமின்றி வழக்கிடும் வசதியை மட்டுமே. இவை ஆணுக்கொரு நீதி, பெண்ணுக்கொரு நீதி எனவும் எழுதப்படவில்லை. நமது 2005 ஆம் ஆண்டுச் சட்டமும் துன்புற்றவர் என்றே பேசுகின்றது. துன்புற்ற ஆணும் அதன் நிழலில் ஒதுங்கலாம்.

இத்தகைய விதியொன்று நம் நாட்டுச் சட்டத்திலும் சேர்தல் வேண்டும் என்பதே நம் கருத்து. பாதுகாப்புக் கட்டளை வழங்கும் நீதவானே, அக்கட்டளை நிற்கும் காலம்வரை எதிராளி புதிய வழக்கிடுமுன் அனுமதி பெற வேண்டுமா என்பதையும் ஆராயலாம். ஒரு குடும்பத்தின் வழக்குகள் பல நீதிமன்றங்களில் சிதறிக் கிடந்தால், அவற்றின் பட்டியல் ஒவ்வொரு நீதிபதியின் முன்னும் கட்டாயம் வைக்கப்படலாம். இதற்குப் பெரும் பொருட்செலவு வேண்டியதில்லை.

வீடு செய்ய வேண்டியவை

சட்டம் மாறும் வரை வீடு கைகட்டி இருத்தல் ஆகாது. நீதிபதி காணாத வரிசையை அவருக்குக் காட்டும் பொறுப்பு இன்று நம் கையிலேயே உள்ளது.

ஓர் அப்பியாசக் கொப்பி போதும். எந்த நீதிமன்றம், எந்த இலக்கம், என்ன வழக்கு, எப்போது தொடுக்கப்பட்டது, எத்தனை தவணை, முடிவு என்ன என்பதை வரிசையாக எழுதி வர வேண்டும். கடிதங்களை அவை வந்த உறையுடன் சேர்த்து வைக்க வேண்டும். பொலிஸ் முறைப்பாட்டின் இலக்கத்தைக் கேட்டு வாங்க வேண்டும். பாடசாலை செல்லும் மூத்த பிள்ளை உள்ள வீட்டில், தங்கையோ தம்பியோ படித்த வீட்டில், இதனைச் செய்வது அரிதன்று. அக்கொப்பியை முதல் நாளிலேயே சட்டத்தரணியிடம் காட்டினால், அவர் அதனை மன்றில் எடுத்துரைப்பார். பாதுகாப்புக் கட்டளையின் அத்தாட்சிப்படுத்திய பிரதியை மற்றைய வழக்குகளிலும் முன்வைக்க வேண்டும்.

எவ்வளவு சலிப்பு வந்தாலும் ஒரு தவணையையும் தவறவிடலாகாது. வராதவருக்கு எதிராக ஒருதலைத் தீர்ப்பு எழுதப்படும். பின்னர் அதனை மாற்றுவது பெரும்பாடு. வழக்குப் பற்றி எதிராளியுடன் நேரிற் பேசவும் வேண்டாம். அவர் அனுப்பும் சமரசத் தாளில் சட்டத்தரணி பாராமல் கையொப்பமிடவும் வேண்டாம். பிள்ளைகளைத் தூது அனுப்பவே கூடாது.

பொருளில்லாதவர்க்கு 1978 ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி அமைந்த சட்ட உதவி ஆணைக்குழு உண்டு. பிரதேச செயலகத்து மகளிர் அபிவிருத்தி உத்தியோகத்தரையும், பொலிஸ் நிலையத்தின் பெண்கள், சிறுவர் பணியகத்தையும் நாடலாம். 1938 என்னும் இலக்கத்தில் மகளிர் உதவித் தொலைபேசி உண்டு.

அயலார்க்கும் கடமை உண்டு. வழக்கின் தொகையைக் கண்டு பெண்ணின் குணத்தை அளவிடாதிருத்தல் முதற் கடமை. தெரியாததைத் தெரிந்ததாகச் சாட்சி சொல்லாதிருத்தல் அடுத்தது. தவணை நாளில் அவளுடன் பஸ்ஸில் ஏறி ஊர்காவற்றுறை வரை சென்று, விறாந்தையில் அவள் அருகே அமர்ந்து, திரும்பி வருதல் எல்லாவற்றிலும் பெரியது. தனியே நிற்பவளையே அச்சம் வெல்லும். மாமியோ பெரியம்மாவோ பக்கத்திலிருந்தால் அவன் பார்வைக்கும் வலிமை குறையும்.

சட்டம் பயிலும் இளைஞர்க்கும் ஒரு வேண்டுகோள். நாளை உங்கள் மேசைமுன் ஒருவன் அமர்ந்து, மனைவிமீது ஐந்தாவது வழக்கைத் தொடுக்க வேண்டும் என்பான். முதல் நான்கும் என்னவாயின என்று அவனைக் கேளுங்கள். அவ்வொரு கேள்வியைக் கேட்கும் சட்டத்தரணியர் பத்துப் பேர் இருந்தால், பல வீடுகளில் பதிவுத் தபாலின் அச்சம் நீங்கிவிடும்.

மனுநீதிச் சோழன் மணியோசை கேட்டதும் கேட்டதை நம்பித் தீர்ப்பளிக்கவில்லை. கயிற்றைப் பற்றியிருப்பது யார், எதற்காக என்று அறிந்த பின்னரே நீதி செய்தான். நம் நீதிமன்றங்களிடம் நாம் வேண்டுவதும் அதுவே. மணி எல்லோர்க்கும் தொங்கட்டும். அதைப் பற்றிய கையையும் மன்று பார்க்கட்டும். அப்போது புளியங்கூடலில் அப்பெண், படலையில் தபாற்காரரின் மணி கேட்கையில் நெஞ்சம் பதறாது எழுந்து செல்வாள். வந்திருப்பது பிள்ளையின் பாடசாலைக் கடிதமாகவும் இருக்கலாம் அல்லவா?